பெரியம்மையின் கேள்வி

எங்கள் பக்கத்தில் அம்மாவை அம்மை என்றுதான் சொல்வோம். அம்மைக்கு மூத்தவள் பெரியம்மை. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் ‘பெரியம்மை ஒரு கொடிய நோய்’ என்று வாசித்ததும் வகுப்பு மொத்தமும் சிரித்துவிட்டது. அவரவர் வீட்டுப் பெரியம்மை அவரவர் மனசில் வந்து நின்றிருப்பாள். வாத்தியாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

2021 ஏப்ரலில், சட்டமன்றத் தேர்தல் முடிந்த அடுத்த வாரம், என் பெரியம்மையைக் கொரோனா ஊசிக்குக் கூட்டிப் போனேன். வயது 74. சர்க்கரை உண்டு, மூட்டுவலி உண்டு, பிடிவாதம் அதைவிட உண்டு. ஆட்டோவில் ஏற்றவே மூன்று நாளாயிற்று. “எனக்கு என்னத்துக்கு மக்ளே? நான் எங்க போறேன், வாறேன்? வெளிய ஓடி நடக்கப்பட்ட பயலுவளுக்கு மொதல்ல போடச் சொல்லு. அவனுவதான கொண்டுட்டு வாறது” என்பது அவள் வாதம்.

ஆரம்ப சுகாதார நிலையத்துப் பெஞ்சில் எங்களுக்கு முன்பே ஆறு பேர் இருந்தார்கள். பெரியம்மையோடு ஏழு. சிஸ்டர் ஊசியைத் தொடவில்லை. “இன்னும் மூணு பேரு வரட்டும் அம்மா. பாட்டில தெறந்தா பத்துப் பேருக்குப் போட்டாகணும்” என்றார். கோவிஷீல்டு பாட்டில் ஒன்றில் 5 மில்லி மருந்து. ஆளுக்கு அரை மில்லி. குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் கிடக்கும்வரை மாதக்கணக்கில் இருக்கும். மூடியில் ஊசி இறங்கியதும் நாலு மணி நேரம்தான். அதற்குள் ஆள் வராவிட்டால் மிச்சத்தைக் கொட்ட வேண்டியதுதான்.

வரிசை முன்பே முடிவாகியிருந்தது. வி.கே.பால் தலைமையில் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு போட்ட வரிசை அது. ஜனவரி 16 முதல் மருத்துவப் பணியாளர்கள் சுமார் 1 கோடி; அடுத்து காவலர், துப்புரவுப் பணியாளர் போன்ற முன்களத்தினர் 2 கோடி. மார்ச் 1 முதல் அறுபது தாண்டியவர்களும், 45-க்கு மேல் குறிப்பிட்ட இருபது இணைநோய்களில் ஒன்று உள்ளவர்களும். ஏப்ரல் 1 முதல் 45 தாண்டிய எல்லாரும். தேர்தல் வேலைக்குப் போன வாத்தியார்மார் இடையிலேயே முன்களத்தினர் ஆனார்கள். இந்தப் பட்டியலில் பெரியம்மை சொன்ன ‘ஓடி நடக்கப்பட்ட பயலுவ’ கடைசி.

காத்திருந்த நேரத்தில் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள். இடது கையில் பழைய நாலணா அளவுக்கு இரண்டு தழும்புகள், உள்ளே குழிந்து, ஓரம் சுருங்கி. திருவிதாங்கூர்க் காலத்து அச்சு குத்து, பெரியம்மை நோய்க்குப் போட்ட தடுப்பு. அன்றைக்கு அதற்கென்று ஒரு கருவி இருந்தது: சின்னத் தண்டின் முனையில் பல் வைத்த வட்டத் தகடு. மருந்தைத் தோலில் தடவி, தகட்டை வைத்து அழுத்தி, ஒரு திருகு. பிள்ளைகள் ரப்பர் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்ததில் தப்பில்லை.

முதலில் யாருக்கு என்ற கேள்வி எங்கள் மண்ணில் எழுந்தது 1813-ல். அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் ராணி கௌரி லட்சுமி பாய். திவானாக இருந்தவர் ஆங்கிலேய ரெசிடெண்ட் கர்னல் மன்றோ. தலக்குளத்துக்காரர் வேலுத்தம்பி தளவாய் கும்பினிக்கு எதிராக எழுந்து மாண்டு நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தக் கும்பினிக்காரன் மாட்டம்மையின் சீழைக் கொண்டுவந்து கையைக் கீறிக்கொள் என்றால் தலக்குளத்தில் யார் கையை நீட்டுவார்கள்? நோய் வந்தால் ‘முத்து போட்டிருக்கு’ என்று வேப்பிலை கட்டி முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொள்ளும் ஊர்கள் இவை. ராணி தன் குடும்பத்தாருக்கே முதலில் குத்தச் செய்தார். அரண்மனைக்குத்தான் ஆபத்து அதிகம் என்றோ, அங்கிருந்துதான் நோய் பரவியது என்றோ இல்லை. பயத்தைப் போக்க வேண்டியிருந்தது; அதற்கு அரசகுலத்துக் கையைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

அந்தக் காலத்து மருந்துத் தட்டுப்பாடு நாம் அறிந்த மாதிரி இல்லை. பாட்டிலும் கிடையாது, குளிர்பெட்டியும் கிடையாது. மனிதக் கைதான் பாட்டில். ஒரு பிள்ளையின் கையில் குத்தினால் எட்டாம் நாள் கொப்புளம் பழுக்கும். அதிலிருந்து ஊறும் தெளிநீரை எடுத்து அடுத்த பிள்ளையின் கையில் ஏற்ற வேண்டும். அந்த நாளுக்கு ஆள் கிடைக்காவிட்டால் சங்கிலி அறுந்தது. அந்த வட்டாரத்துக்கே மருந்து இல்லை. எட்வர்ட் ஜென்னர் 1796-ல் கண்டது பாக்தாத், பாஸ்ரா வழியாகக் கைகைமாறி வந்து, 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் ஆன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தையின் கையில் பிடித்தது. சென்னைக்கும் இலங்கைக்கும் போன மருந்துக்கு அந்தப் பிஞ்சுக் கைதான் ஊற்று. ஸ்பெயின் அரசு 1803-ல் அமெரிக்கக் காலனிகளுக்கு மருந்து அனுப்பியபோது கப்பலில் 22 அநாதைச் சிறுவர்களை ஏற்றியது. வழிநெடுக ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்கு ஏற்றிக்கொண்டே கடலைக் கடந்தார்கள். நினைத்துப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது.

ஆக, அன்றைக்கு ‘முதலில் யாருக்கு’ என்பதோடு ‘யார் கையிலிருந்து யாருக்கு’ என்பதும் சேர்ந்தே வரும். சாதியைச் சொல்லி நீரை மறுத்தவர்கள் நாடெங்கும் உண்டு. பிறகு கன்றுக்குட்டியின் தோலில் மருந்து வளர்க்கும் முறை வந்ததும் அந்தச் சிக்கல் ஒருவாறு ஓய்ந்தது. 1879-ல் திருவிதாங்கூர் அரசு ஒரு விளம்பரம் வெளியிட்டு மூன்று கூட்டத்தாருக்கு அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கியது: அரசு ஊழியர், சிறைக்கைதி, மாணவர். பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நோயால் அதிகம் சாகிறவர்கள் என்று இவர்களைத் தேர்ந்ததாகத் தெரியவில்லை. மாட்டேன் என்று சொல்ல முடியாதவர்கள் இவர்கள்தான். சர்க்காரின் கை எட்டுகிற தூரத்தில் இருந்தவர்கள்.

இந்த நோய் ஒழிந்த விதம் இதையெல்லாம்விட வேடிக்கை. இந்தியா 1962-ல் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது கணக்கு எளிமையாக இருந்தது: நூற்றுக்கு எண்பது பேருக்குக் குத்திவிட்டால் நோய் தானே ஓயும். குத்தினார்கள், ஓயவில்லை. விட்டுப்போன இருபது பேர் கூட்டம் கூட்டமாக ஒரே சேரியில், ஒரே சத்திரத்தில் இருந்தார்கள். நோய் அவர்களைத் தேடிப் பிடித்தது.

விடை 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவின் ஓகோஜா வட்டாரத்தில் கிடைத்தது. அங்கே இருந்த அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபேகியிடம் ஊருக்கெல்லாம் போடும் அளவுக்கு மருந்து இல்லை. இருந்ததை வைத்து ஒப்பேற்றியாக வேண்டும். வட்டாரத்து மிஷனரிகளை ரேடியோவில் பிடித்து, எந்த ஊரில் அம்மை போட்டிருக்கிறது என்று மட்டும் விசாரிக்கச் சொன்னார். நோயாளி இருந்த ஊர்களில் அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கும், சந்தை வழியாகவும் சம்பந்த வழியாகவும் நோய் அடுத்துப் போகக்கூடிய இடங்களுக்கும் மருந்தைச் செலவழித்தார். மற்ற ஊர்களை விட்டுவிட்டார். இளவயதில் காட்டுத்தீ அணைக்கும் வேலைக்குப் போனவர் அவர். தீயைச் சுற்றி எரிவதற்கு ஒன்றும் இல்லாமல் செய்தால் போதும் என்பது அந்தத் தொழிலில் கற்றது. அங்கே நோய் நின்றுபோனது.

இது எப்படி முடிந்தது என்பதில்தான் சுவாரசியம். பெரியம்மைக் கிருமி மூச்சுவழி உள்ளே போய் நெறிக்கட்டிகளில் சத்தமில்லாமல் பெருகும். காய்ச்சல் வர பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். தடுப்புமருந்தோ தோலில் நேராக இறங்குகிறது. உடம்பு உடனே விழித்துக்கொள்கிறது. நோயாளியின் பக்கத்தில் இருந்தவருக்குக் கிருமி ஏறி மூன்று நாலு நாள் ஆன பிறகு குத்தினாலும், பிந்திக் கிளம்பிய மருந்து முந்திப் போய் நின்றுவிடும். அதோடு பெரியம்மை ஒளிந்து பரவும் நோயும் இல்லை. ஆள் படுத்த பிறகுதான் தொற்றும். முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும். சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் கிட்டத்தட்ட 7,000 பெரியம்மை நோயாளிகளைக் கவனித்து எழுதிய டாக்டர் ஏ.ராமச்சந்திர ராவும், நெருங்கிப் பழகியவர்களையே இது பெரிதும் பிடிக்கிறது என்று கண்டார். அவர் கணக்கில் முன்பு அச்சு குத்தாத நோயாளிகளில் மூன்றில் ஒருவர் இறந்தார்; குத்தியிருந்தவர்களில் நூற்றுக்கு ஆறேழு பேர்.

1973-க்குப் பிறகு இந்தியாவும் இதே வழிக்கு வந்தது. தமிழ்நாட்டில் அதற்குள் நோய் ஓய்ந்துவிட்டிருந்தது. பீகார், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளம், மத்தியப் பிரதேசம் நான்கும்தான் மிச்சம். அம்மை போட்ட குழந்தையின் படம் அச்சடித்த அட்டையைக் காட்டி வீடு வீடாக ‘இப்படி யாரையாவது பார்த்தீர்களா’ என்று கேட்டார்கள். தகவல் சொன்னவருக்குப் பரிசுப் பணம். கடைசியில் அது 1,000 ரூபாய் வரை போயிற்று. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. முதலில் யாருக்கு என்ற கேள்விக்கு வயதும் பதவியும் பார்க்காமல், நோயாளியின் பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்று பதில் சொன்ன காலம் அது. மருந்து குறைவாக இருந்ததால் பிறந்த யோசனை, மருந்து தாராளமாக இருந்தபோது நடக்காததை நடத்திவிட்டது.

அதே வித்தையைக் கொரோனாவிடம் காட்ட முடியவில்லை. ஆள் நன்றாக நடமாடும்போதே, தொண்டை கரகரப்பதற்கு முந்திய நாளிலேயே, தொற்றத் தொடங்கிவிடும். யார் பக்கத்தில் வளையம் கட்டுவது? வடசேரியில் ஏறி களியக்காவிளையில் இறங்கியவர் யாருக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்று கண்டக்டருக்கே தெரியாது. எனவே வேறு கணக்குக்குப் போக வேண்டியிருந்தது. அந்தக் கணக்கு வயது.

கொரோனா வயதைப் பார்த்து அடித்ததுபோல் வேறு தொற்றுநோய் அடித்ததைப் பார்த்ததில்லை. முதல் ஆண்டுத் தரவுகளைத் திரட்டி, பெரும்பாலும் வசதியான நாடுகளை வைத்து, ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்: தொற்றியவர்களில் 25 வயதுக்காரர் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் இறப்பார், 55 வயதில் 40 பேர், 65-ல் 140, 75-ல் 460. வட்டிக்கு வட்டி மாதிரி, ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. சிஸ்டரின் கையில் இருந்த பாட்டிலை இதில் வைத்துப் பார்த்தேன். எல்லாருக்கும் தொற்றும் வாய்ப்பு ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால், பெரியம்மை வயதில் பத்துப் பேருக்குப் போட்டு மிச்சப்படுத்தும் உயிரை, அவள் பேரன் வயதுக்காரர்களிடம் மிச்சப்படுத்த 460 பாட்டில் வேண்டும். இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்கும்போது குழுக்கள் அதிகம் சண்டை போடத் தேவையில்லாமல் போயிற்று.

ஆனாலும் பெரியம்மையின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. கொண்டுவருகிறவனை நிறுத்தினால் வாங்குகிறவளுக்கு ஊசியே வேண்டாமே! ஜப்பான் இதைச் செய்து பார்த்தது. 1960-களிலிருந்து அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃபுளூ தடுப்பூசி போட்டார்கள். பிள்ளைகள் ஃபுளூவில் சாவது அபூர்வம்தான். குளிர்காலத்தில் இறக்கும் கிழவர்களின் எண்ணிக்கை குறைந்தது. வயசான உடம்பில் ஃபுளூ தடுப்பூசி சரியாகப் பிடிப்பதில்லை. பேரனுக்குப் போட்ட ஊசி தாத்தாவுக்கு வேலை செய்தது. திட்டத்தைப் படிப்படியாகக் கைவிட்டு 1994-ல் நிறுத்திய பிறகு இறப்பு மறுபடி ஏறியது. சுமார் 420 பிள்ளைகளுக்குப் போட்ட ஊசி ஓர் உயிரைக் காத்திருக்கிறது என்று 2001-ல் ஒரு கணக்கு வெளிவந்தது.

2021 தொடக்கத்தில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று இரண்டு வழிகளையும் கணினியில் ஓட்டிப் பார்த்தது. தொற்றின் எண்ணிக்கையைக் குறைக்க 20 முதல் 49 வயதுக்காரர்களுக்கு முதலில். இறப்பைக் குறைக்க 60 தாண்டியவர்களுக்கு முதலில் என்று பெரும்பாலான சூழல்களில் விடை வந்தது. இந்தோனேசியா பெரியம்மையின் கட்சி. அங்கே அதிபர் ஜோகோ விடோடோ 2021 ஜனவரி 13 அன்று முதல் ஊசி போட்டுக்கொண்டார், கௌரி லட்சுமி பாய் வழியில். அடுத்து மருத்துவப் பணியாளர்கள். பொதுமக்களில் உழைக்கும் வயதினரை முன்னால் நிறுத்தினார்கள். அவர்கள் வாங்கிய சீனத் தடுப்பூசிக்கு முதியவர்களிடம் போதிய சோதனை நடக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

பெரியம்மையின் வழி பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: ஊசி போட்டவன் நோயைக் கடத்தக் கூடாது. கொரோனா தடுப்பூசிகள் அதைச் செய்யுமா என்பது அன்றைக்குத் தெரியாது. பிறகு டெல்டா வந்து, ஊசி போட்டவரும் கடத்துவார், சற்றுக் குறைவாக என்று காட்டியது. சாவைத் தடுப்பதில் மட்டும் ஊசி உறுதியாக நின்றது. வயசான உடம்பிலும் நின்றது. ஆகவே இந்த நோய்க்கு இந்த மருந்துக்கு டெல்லிக்காரர்கள் சொன்னதுதான் சரி. ஃபுளூவாக இருந்தால் நான் அவளை வீட்டில் விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கலாம்.

சூத்திரம் சரியாக இருந்தும் கவிழ்ந்த கதையும் உண்டு. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவமனை, ஊழியர் வரிசையைக் கணினியிடம் ஒப்படைத்தது. வயதுக்கு மார்க், வேலை செய்யும் பிரிவுக்கு மார்க். பயிற்சி மருத்துவர்கள் சின்ன வயதுக்காரர்கள். வார்டு வார்டாக மாறுகிறவர்கள் என்பதால் நிலையான பிரிவும் கிடையாது. இரண்டிலும் மார்க் போயிற்று. முதல் 5,000 ஊசியில் 1,300 பேருக்கு மேல் இருந்த அவர்களுக்குக் கிடைத்தது ஏழு. நோயாளியின் வாய்க்கு எதிரே நிற்பவர்கள் அவர்கள்தான். கொடி பிடித்துவிட்டார்கள்.

எங்கள் மாவட்டத்தில் கணினி வேண்டாம், நாலு மணி நேரமே போதும் ஆளைக் கழித்துவிட. தூத்தூர்ப் பக்கத்து மீனவர் ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். குலசேகரத்தில் பால்வெட்டுகிறவர் விடியும்முன் மரத்தடியில் இருப்பார். பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் குடியிருப்பிலிருந்து இறங்கி வர வண்டி வேண்டும். வயது வரிசையில் இவர்கள் எல்லாருக்கும் இடம் உண்டு. பாட்டில் திறக்கும் நேரத்தில் பெஞ்சில் இருப்பார்களா என்பது வேறு சங்கதி. 1879 விளம்பரத்தில் சர்க்காரின் கை எட்டுகிறவர்கள் முந்தினார்கள். 2021-லும் பெஞ்சுக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்கள் முந்தினார்கள், என் பெரியம்மை உட்பட.

மருந்தையே நீட்டிவிட்டால் வரிசை தானே சின்னதாகும். களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்து நர்சுகள் அந்த மே மாதம் இதைச் செய்து காட்டினார்கள். ஊசியில் தங்கிப்போவதற்காகவும் சிந்துவதற்காகவும் பாட்டிலில் அரை மில்லிக்குச் சற்று மேலேயே கம்பெனிக்காரர்கள் கூட ஊற்றி அனுப்புவார்கள். கை நிதானமாக இருந்தால் பதினொன்றாவது டோஸ் எடுக்கலாம். கேரளத்துக்கு மத்திய அரசிடமிருந்து வந்தது 73,38,806 டோஸ். போட்டது 74,26,164 என்று முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். எண்பத்தேழாயிரம் பேருக்குமேல், கணக்கில் இல்லாத மருந்தில்! ஏப்ரலில் தமிழ்நாட்டில் வீணானது நூற்றுக்குப் பன்னிரண்டு என்று வந்த தகவலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பிறகு நம்மவர்களும் அந்தக் கைப்பக்குவத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதைவிடப் பெரிய நீட்டல் ஒன்று தற்செயலாக நடந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி, இரண்டு டோஸ் போதுமா மூன்று வேண்டுமா என்று பார்க்க 2009-ல் இந்தியாவில் ஒரு சோதனை தொடங்கியது. நடத்தியவர் ரெங்கசாமி சங்கரநாராயணன். பிரான்ஸுக்குப் போகுமுன் திருவனந்தபுரத்தில் இருந்தவர். திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் சோதனை நடந்த இடங்களில் ஒன்று. 2010-ல் வேறொரு திட்டத்தைப் பற்றி எழுந்த சர்ச்சையில் எச்பிவி சோதனைகளை அரசு நிறுத்தியது. கிட்டத்தட்ட 5,000 பெண்பிள்ளைகள் ஒரே டோஸோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களை விட்டுவிடவில்லை. வருஷாவருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் அந்த ஒரு டோஸே நிலைத்த தொற்றை 95 சதவீதம் தடுத்திருந்தது. 2019-ல் உலகெங்கும் இந்த ஊசிக்குத் தட்டுப்பாடு வந்து, பையன்களையும் பெரிய பெண்களையும் வரிசையிலிருந்து தற்காலிகமாக விலக்கச் சொன்ன உலக சுகாதார நிறுவனம், 2022-ல் ஒரு டோஸ் அட்டவணையையும் ஏற்றுக்கொண்டது. அதே மருந்து, இரண்டு மடங்கு பிள்ளைகள்.

பெஞ்சுக்கு எட்டாவதாகவும் ஒன்பதாவதாகவும் வந்தவர்கள் தோவாளையில் பூக்கட்டும் புருஷனும் பெண்சாதியும். அப்புறம் அரைமணி நேரம் யாரும் வரவில்லை. சிஸ்டர் வாசலுக்கு வந்து, எங்களை இறக்கிவிட்டு வேப்பமர நிழலில் நின்றிருந்த ஆட்டோக்காரரைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, ஒங்களுக்கு வயசு என்ன?”

“நாப்பத்தாறு.”

“ஆதார் இருக்கா?”

போனில் படமாக இருந்தது. “வெளிய ஓடி நடக்கப்பட்டவனுக்கும் கிட்டிச்சு பாத்தியா” என்று பெரியம்மை என் தொடையில் தட்டினாள். பத்துப் பேருக்கும் போட்டு முடித்தபின் சிஸ்டர் அந்தப் பாட்டிலைக் குப்பைக் கூடையில் போடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி, சாய்த்து, அடியில் என்ன கிடக்கிறது என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.